விருந்தாளிக்குப் போர்த்த பொன்னாடை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கட கட்டிடத்தின்ர கீழ்த்தட்டு ஹோலிலை ஒரு பிரியாவிடை வைச்சம். டொரீன் வீரசாமிக்கு. ஒன்பது வருசமா எங்கட தொகுதிக்கு மாகாண சட்டசபை உறுப்பினரா இருந்தவ. இந்தமுறை கட்சிக்குள்ளேயே தோத்துப்போனா. அவவின்ர தொகுதிக் கந்தோரிலை ஏழு வருசம் வேலை செய்தவன் நான். அவ தோத்ததுக்கு என்ர இந்த ரெண்டு கையும் ஒரு காரணம். அதைத்தான் இஞ்சை எழுதப் போறன், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை.

அதுக்கு முதல் யாழ்ப்பாணத்திலை, கொக்குவிலிலை இருக்கிற மனிசியின்ர தம்பிக்கு ஒரு பதில். போன மாதம் கடிதம் போட்டிருந்தார். "அத்தான், அகதியாப் போன நாட்டிலை வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையைப் படிப்பிக்கிறதை விட்டிட்டு உங்களுக்கு ஏன் உந்த எலெக்சன் வேலை?" எண்டு. தம்பி, வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதெண்டால் நான் ஊரிலையே இருந்திருப்பன். அதுக்கு அங்கை நல்ல பயிற்சியும் தந்தவை. இவ்வளவு கடல் தாண்டி வந்து, குளிருக்கை பஸ்ஸுக்கு நிண்டு, திரும்பவும் அதே வேலையைச் செய்ய எனக்கு விசரே?

உங்களிலை கனபேருக்கும் உதே கேள்வி இருக்கும். வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.

2

யாழ்ப்பாணக் கச்சேரியிலை, அதுதான் அரசாங்க அதிபரின்ர கந்தோரிலை, கிளாக்கா இருந்தவன் நான். கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து "நாளைக்கு வாங்கோ" எண்டு சனத்தைத் திருப்பி அனுப்பினவன். கடவுள் அதைக் குறிச்சு வைச்சிருந்திருக்கிறார் போலை. கனடாவுக்கு வந்த நாளிலை இருந்து நான் கவுண்டருக்கு வெளிப்பக்கம். முதல் ரெண்டு வருசம் பார்க்டேலிலை, ஒரு பழைய வீட்டு மேல்மாடியிலை ஏழு பேரோடை. ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவல். பேந்து மனிசி மலரும் மகள் அபியும் வந்து சேர, ஸ்காபரோவிலை இந்தக் கட்டிடத்திலை ஆறாம் மாடிக்கு வந்தம். பதினாலு மாடி, ரெண்டு எலிவேற்றர். ரெண்டும் ஒருநாளும் ஒண்டா வேலை செய்ததில்லை. கனநாளிலை ரெண்டும் ஒண்டா வேலை செய்யாமல் இருந்திருக்கு.

அப்பிடி ஒரு நாள்தான் டொரீனைக் கண்டது. தொண்ணூறாம் ஆண்டு, வெயில் இன்னும் போகாத காலம். நான் அரிசி மூட்டையோடை படியிலை ஏறிக்கொண்டிருக்கிறன். நாலாம் மாடித் திருப்பத்திலை ஒரு பொம்பிளை, அம்பது வயசு வரும், படியிலை குந்தியிருந்து முழங்காலை உருவிக்கொண்டிருந்தா. பக்கத்திலை ஒரு கட்டு நோட்டீஸ். எங்கட நிறம். சட்டையிலை அவவின்ர பேரும் கட்சியும் போட்ட வில்லை. தான் எலெக்சனுக்கு நிக்கிறதாச் சொன்னா.

"உமக்கு வோட் இருக்கோ?" எண்டு கேட்டா. இங்கிலீஷிலை எல்லாருக்கும் ஒரே 'யூ' தான். அவ என்னோடை கதைச்ச விதத்துக்கு 'நீர்' எண்டு எழுதிறதுதான் பொருத்தம்.

"இல்லை. என்ர அகதி வழக்கு இன்னும் முடியேல்லை" எண்டன்.

இந்த மறுமொழிக்கு மற்றக் கட்சிக்காரர் எல்லாம் "தாங்க்யூ" சொல்லி அடுத்த கதவுக்குப் போனவை. இவ என்னை ஏற இறங்கப் பாத்தா.

"வாய் இருக்குத்தானே? மேலை பதினாலாம் மாடியிலை முழுக்கத் தமிழ் ஆக்களாம். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. வாரும்."

அரிசி மூட்டையை ஆறாம் மாடியிலை வைச்சிட்டு அவவோடை மேலை போனன். ஏன் போனன் எண்டு இண்டைக்கும் தெரியாது. இந்த நாட்டிலை ஒருத்தர் என்னட்டை வந்து எனக்கு ஏலுமான ஒரு வேலையைக் கேட்டது அதுதான் முதல் தரம் எண்டு நினைக்கிறன்.

பதினாலாம் மாடியிலை முதல் கதவு ராஜினியின்ர. அப்ப கலியாணம் முடிச்சு வந்து ஒரு வருசம், கையிலை குழந்தை. வீட்டிலை ஒரு கதிரைகூட இல்லை. டொரீன் நிலத்திலை சம்மணம் போட்டு இருந்து தேத்தண்ணி குடிச்சா. பேரைக் கேட்ட ராஜினி, "வீரசாமி எண்டால் தமிழ்தானே, ஏன் தமிழ் கதைக்கிறா இல்லை?" எண்டு என்னைக் கேட்டா. நான் மொழிபெயர்த்தன். டொரீன் சொன்னா, தன்ர பூட்டனைக் கரும்புத் தோட்டத்துக்கெண்டு மதராசிலை இருந்து கயானாவுக்குக் கப்பலிலை ஏத்தினவையாம். தோட்டத்துரை பேரை மட்டும் விட்டு வைச்சாராம். பாஷை, மற்றது எல்லாம் போயிட்டுதாம். ராஜினி அவவுக்கு இன்னும் ஒரு தேத்தண்ணி ஊத்தினா.

அந்தக் குழந்தையையும் தள்ளுவண்டிலையும் ராஜினி ஒவ்வொரு நாளும் பதினாலு மாடி தூக்கி இறக்கிறது அண்டைக்குத்தான் டொரீனுக்குத் தெரியவந்தது. எலெக்சனிலை வெண்டு மூண்டாம் கிழமை கட்டிடச் சொந்தக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தா. அந்தாளைப் பதினாலாம் மாடிவரைக்கும் நடக்க வைச்சா. பத்து நாளிலை எலிவேற்றர் ஓடினது.

3

என்ர வழக்கு முடிஞ்சு பேப்பர் கிடைச்ச உடனை என்னைக் கந்தோருக்கு எடுத்தா. டோனட் கடைக்கும் உடுப்புத் தோய்க்கிற கடைக்கும் நடுவிலை ஒடுக்கமான ஒரு இடம். திரும்பவும் கவுண்டருக்கு உள்பக்கம்! ஆனா இந்தமுறை "நாளைக்கு வாங்கோ" எண்ட சொல்லை டொரீன் தடை செய்துபோட்டா. "இண்டைக்கு ஏலாட்டில் ஏன் ஏலாது எண்டு இண்டைக்கே சொல்லி அனுப்பும்" எண்டுவா.

எங்கட சனம் கொண்டுவாற பிரச்சினையிலை முக்கால்வாசி இமிக்ரேசன். அது மத்திய அரசின்ர வேலை, மாகாண உறுப்பினருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பன், ஒருத்தரும் நம்பேல்லை. "அண்ணை, அவவைக் கொண்டு ஒரு கடிதம் போடுங்கோவன்" எண்டு நிப்பினம். டொரீனும் போடுவா. கடிதத் தலைப்பிலை இருக்கிற அரச முத்திரையைக் கண்டால் அங்கை ஒரு கிளாக் ஃபைலை ஒருக்காத் திறந்தாவது பாப்பான் எண்டது அவவின்ர கணக்கு. கச்சேரியிலை இருந்தவன் எண்டபடியால் எனக்கு அது நல்லா விளங்கும்.

சட்டசபையிலை அவ ஒரு நாளும் மந்திரியாகேல்லை. ஆஸ்பத்திரியிலை நிலம் கூட்டித் துடைச்சு, தொழிற்சங்கத்திலை வாய்காட்டி, அங்கையிருந்து வந்தவ. பேச்சிலை கயானா வாடை போகேல்லை, போகவும் விடேல்லை. ஒருக்கா அவ பேசிக்கொண்டிருக்கேக்கை எதிர்ப்பக்கத்திலை ஒருத்தர் "இங்கிலீஷிலை பேசும்" எண்டு நையாண்டி பண்ணினார். அவ திரும்பிப் பாத்து, "ஐயா, உங்கட பேத்தியின்ர பள்ளிக்கூடத்திலை உப்பிடித்தான் பேசுகினம், போய்ப் பழகுங்கோ" எண்டா. நான் மேலை பாக்கிறவையின்ர இடத்திலை இருந்து கைதட்ட, காவலாளி வந்து இஞ்சை கைதட்டக் கூடாது எண்டு எச்சரிச்சிட்டுப் போனவன்.

"பின் வரிசை வாங்கிலை இருத்தியிருக்கினமே, கவலையில்லையோ?" எண்டு கேட்டன். "பின் வாங்கிலை இருந்தால்தான் ஆர் ஆர் நித்திரை கொள்ளினம் எண்டு தெரியும்" எண்டா.

தொண்ணூற்றைஞ்சிலை காத்து மற்றப்பக்கம் அடிச்சுது, அவவின்ர கட்சி நொருங்கிப்போச்சு. அவ விழாமல் நிண்டா. எங்கட கட்டிடமும் பக்கத்திலை உள்ள நாலு கட்டிடங்களும்தான் அவவை நிறுத்தினது. அதுக்குள்ளை எங்கட சனத்திலை பாதிப்பேருக்குச் சிற்றிசன் கிடைச்சிருந்தது. சீலையும் உடுத்து, காலிலை சப்பாத்தும் போட்டு வரிசையிலை நிண்டு வோட் போட்டதைப் பாத்தனான். என்னையும் சேத்துத்தான்.

4

பேந்து மாகாண அரசு தொகுதியளின்ர தொகையைக் குறைச்சுது. எங்கட தொகுதியையும், சொந்த வீட்டுக்காரர் கூட இருக்கிற ரூஜ் பக்கத்துத் தொகுதியையும் சேத்து ஒண்டாக்கினாங்கள். அங்கத்தைய உறுப்பினரும் எங்கட கட்சிதான். கிரெகரி எண்டு பேர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, ஒருத்தரோடையும் சண்டைக்குப் போகாத மனிசன். ரெண்டு பேருக்கு ஒரு இடம். கட்சி அங்கத்தவர்கள் கூடி வோட் போட்டு ஆர் வேட்பாளர் எண்டு முடிவெடுக்கோணும்.

இதிலை எங்கட கட்டிடத் தமிழ்ச் சங்கம் எங்கை வருகுது எண்டால், கட்சி அங்கத்தவர் ஃபோமிலை பாதி எங்கட ஆக்களின்ர. நான்தான் கதவு கதவாத் தட்டி நிரப்பினது. சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர் நடேசண்ணை. அவர் ரெண்டு வருசத்துக்கு முதலே ரூஜிலை, கிரெகரியின்ர பக்கம், புது வீடு வாங்கிக்கொண்டு போயிட்டார். ஆனா கட்டிடச் சங்கத்தின்ர தலைவர் பதவியை மட்டும் விட மனம் வரேல்லை. காரின்ர டிக்கியிலை எப்பவும் ரெண்டு பொன்னாடை வைச்சிருப்பார். "எப்ப ஆர் வருவினம் எண்டு சொல்லேலாது" எண்டுவார்.

தைப்பொங்கல் விழா கீழ்த்தட்டு ஹோலிலை நடந்தது. வெளியிலை முழங்கால் அளவு சினோ கொட்டிக் கிடந்தது. பிள்ளையளின்ர பேச்சுப்போட்டி நடந்துகொண்டிருக்கேக்கை கதவைத் திறந்துகொண்டு நடேசண்ணை வாறார், பக்கத்திலை கிரெகரி. ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லேல்லை. சப்பாத்தையும் கழட்டி வைச்சிட்டுக் கிரெகரி சொக்ஸோடை மேடைக்கு வாறார். சனம் எழும்பி நிண்டு கை தட்டுது. எங்கட சனம் ஆர் மேடைக்கு வந்தாலும் கை தட்டும்.

நடேசண்ணை மைக்கைப் பிடிச்சார். "எங்களைத் தேடி வந்திருக்கிற கிரெகரி ஐயாவுக்கு எங்கட செயலாளர் பொன்னாடை போர்த்துக் கௌரவிப்பார்" எண்டு சொல்லிப்போட்டு, சிவப்பும் சரிகையுமா ஒண்டை என்ர கையிலை திணிச்சார்.

அந்த இடத்திலை நான் என்ன செய்யிறது? வீடு தேடி வந்த மனிசன். முன்னூறு சனம் பாத்துக்கொண்டிருக்குது. வேண்டாம் எண்டால் அவமானம் அவருக்கில்லை, எங்களுக்கு. போர்த்தன். கிரெகரி கை கூப்பினார். ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். கமெரா மின்னிச்சுது. நானும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன், படத்திலை பல்லெல்லாம் தெரியுது.

டொரீன் எங்கை எண்டு கேக்கிறியளோ? பின்னாலை குசினியிலை. பொங்கல் பரிமாறுறதுக்கு ஆள் காணாதெண்டு ஏப்ரனும் கட்டி, கடுதாசித் தட்டிலை கரண்டியாலை அள்ளி வைச்சுக்கொண்டு நிண்டா. எட்டு வருசமா அவவுக்கு அதுதான் இடம். முதல் வருசம் மேடையிலை ஏத்திப் பொன்னாடை போர்த்தம். அடுத்த வருசத்திலை இருந்து அவ நேரை குசினிக்குள்ளை போயிடுவா, எங்களுக்கும் போர்க்கிற நினைப்பு வரேல்லை.

5

நாலு கிழமை கழிச்சுக் காலமை நான் கந்தோருக்குப் போக, என்ர மேசையிலை ஒரு நோட்டீஸ் கிடந்தது. பளபளப்பான தாள். நடுவிலை பெரிய படம். கிரெகரி கைகூப்பிக்கொண்டு நிக்கிறார், நான் அவருக்குப் பொன்னாடை போர்க்கிறன். கீழை இங்கிலீஷிலையும் தமிழிலையும்: தமிழ்ச் சமூகம் கிரெகரியின் பக்கம்.

டொரீன் தன்ர அறை வாசலிலை நிண்டா. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பன். கோபப்படேல்லை.

"எட்டு வருசம், சிவா" எண்டா. "எனக்கு எத்தினை போர்த்தனீர்?"

"ஒண்டு."

"நான் எண்ணினது பிழையோ எண்டு பாத்தனான்" எண்டிட்டு உள்ளை போய்க் கதவைச் சாத்தினா.

தட்டினன். திறக்கேல்லை. கதவுக்கு வெளியிலை நிண்டே சொன்னன். எங்கட வழக்கத்திலை பொன்னாடை வாற ஆளுக்குத்தான், வீட்டு ஆளுக்கு ஆரும் போர்க்கிறேல்லை, கலியாண வீட்டிலை மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலை வரவேற்பம், சொந்தத் தங்கச்சியை ஆர் வரவேற்கிறது, அவள் உள்ளை நிண்டு சாம்பார் கிண்டுவாள் எண்டு. என்ர இங்கிலீஷ் எனக்கே கேவலமா இருந்தது. வரிசையிலை இருந்த மூண்டு பேர் ஃபைலைப் பிடிச்சபடி என்னைப் பாத்துக்கொண்டிருந்தினம்.

கடைசியிலை கதவு திறந்தது. "எனக்கு விளங்கிச்சுது" எண்டா. "பதினாலாம் மாடிக்கு விளங்குமோ?"

பின்னேரம் வீட்டிலை நோட்டீசை அபியிட்டைக் காட்டினன். பதினாறு வயசு. என்னோடை கதைக்கிறது குறைஞ்சுபோன காலம். நான் தமிழிலை கேட்டால் இங்கிலீஷிலை மறுமொழி வரும், அதுவும் ஹெட்ஃபோனைக் கழட்டினால். பதினெட்டு ஆகாட்டிலும் அவளுக்கும் கட்சிக்குள்ளை வோட் இருந்தது, டொரீனுக்காகச் சேந்தவள்.

"உங்களுக்கு அவரைப் பிடிக்காதுதானே. பிறகு ஏன் போட்டனீங்கள்?" எண்டு அண்டைக்குத் தமிழிலையே கேட்டாள்.

"மரியாதை பிள்ளை. வீடு தேடி வந்தவர்."

அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பாத்தாள். "அப்பா, நீங்கள் மரியாதை காட்டினீங்கள். ஹீ வாஸ் காம்பெயினிங்."

எனக்கு மூஞ்சையிலை அறைஞ்ச மாதிரி இருந்தது. கச்சேரியிலை பன்னிரண்டு வருசம் இருந்தவனுக்கு விளங்காதது இவளுக்கு ஒரு பார்வையிலை விளங்கிச்சுது. பிள்ளையள் எங்களைவிட்டு விலகிப் போகினம் எண்டு நாங்கள் அழுகிறம். விலகி நிண்டு பாக்கிறதாலை சிலது அவைக்கு வடிவாத் தெரியுது எண்டதையும் எழுதத்தான் வேணும்.

6

அடுத்த நாளே கதவு தட்ட வெளிக்கிட்டம். நான், டொரீன், அபி. எலிவேற்றரிலை ஒண்டு ஓடிச்சுது. பதினாலாம் மாடியிலை முதல் கதவு ராஜினியின்ர. வீட்டிலை இப்ப சோபா, பெரிய ரீவி, எல்லாம் இருக்கு. அந்தக் கைக்குழந்தை இப்ப நாலாம் வகுப்புப் படிக்குது.

ராஜினி டொரீனைக் கண்டதும் முகம் கறுத்துப்போனா. உள்ளை கூப்பிட்டா, தேத்தண்ணி வைச்சா. பேந்து என்னட்டை மெதுவாத் தமிழிலை சொன்னா.

"சிவாண்ணை, நடேசண்ணை ரெலிபோன் எடுத்தவர். சங்கம் இந்தமுறை அங்காலை எண்டார். நான் நம்பேல்லை. பிறகு நோட்டீசிலை பாத்தால் நீங்கள்தானே போர்க்கிறீங்கள். அவவின்ர கந்தோரிலை இருக்கிற நீங்களே போர்த்தால் நாங்கள் என்னத்தை நினைக்கிறது? இவருக்கு வேலை எடுத்துக் குடுத்ததும் நடேசண்ணைதான். சரி எண்டு சொல்லிப்போட்டம். சொன்ன சொல்லை எப்பிடி மாத்திறது?"

நான் எல்லாம் விளங்கப்படுத்தினன். அவ தலையை ஆட்டினா. "விளங்குது அண்ணை. ஆனா நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே."

"என்ன சொல்லுறா?" எண்டு டொரீன் கேட்டா. அப்பதான் நான் இவ்வளவு வருசத்திலை முதல் தரம் பிழையா மொழிபெயர்த்தன். "யோசிக்கிறாவாம்" எண்டன். அபி என்னைத் திரும்பிப் பாத்தாள்.

பதினாலாம் மாடியிலை இன்னும் ஆறு கதவிலை அதே கதை. அந்தப் படம் எனக்கு முன்னாலை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேந்திருந்தது.

வேட்பாளரைத் தெரிவு செய்யிற கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஜிம்மிலை நடந்தது. எங்கட சனம் வாடகை பஸ்ஸிலை வந்தது, ரூஜ் பக்கத்துச் சனம் சொந்தக் காரிலை வந்தது. கிரெகரி சூட்டுக்கு மேலை அந்தச் சிவப்புப் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு வாசலிலை நிண்டு எங்கட ஆக்களுக்குக் கைகூப்பிறார். நடேசண்ணை பக்கத்திலை நிண்டு பேர் சொல்லி அறிமுகப்படுத்திறார்.

டொரீனை மேடையிலை அறிமுகப்படுத்திப் பேச ஒருத்தருக்கு மூண்டு நிமிசம். ஒரு தொழிற்சங்கத் தலைவரைத்தான் வைச்சிருந்தவை. கடைசி நேரத்திலை அவ என்னைப் போகச் சொன்னா. "எனக்கு ஏலாது" எண்டன். "போர்க்க ஏலும், பேச ஏலாதோ?" எண்டா.

இங்கிலீஷிலை பேசினன். சொன்னது இதுதான்:

"அந்தப் படத்திலை இருக்கிறது நான். மிஸ்டர் கிரெகரிக்குப் பொன்னாடை போர்த்தது நான். அதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன். எங்கட வாசலுக்கு ஆர் வந்தாலும் கதிரை குடுப்பம், போர்ப்பம், படம் எடுப்பம், வாசல்மட்டும் போய் வழியனுப்புவம். விருந்தாளிக்கு நாங்கள் செய்யிற மரியாதை அது. டொரீனுக்கு நாங்கள் எட்டு வருசமாப் போர்க்கேல்லை. அந்தப் படம் எடுக்கேக்கை அவ எங்கட குசினியிலை நிண்டா. விருந்தாளியைக் குசினிக்குள்ளை விடுறேல்லை. எங்களுக்கு விருந்தாளியும் வேணும்தான். ஆனா சட்டசபைக்கு வீட்டு ஆளைத்தான் அனுப்புவம்."

ஜிம் அதிர்ந்துது. கை தட்டினவை, காலாலை நிலத்தை உதைச்சவை. கிரெகரியும் கை தட்டினார். அந்த மனிசனிலை எனக்குக் கோபம் வந்தாலும் அதை எழுதாமல் விடேலாது. கூட்டத்துக்கை ராஜினி நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டதை நான் கண்டனான்.

இருபத்தேழு வோட்டாலை தோத்தம்.

பதினாலாம் மாடியிலை இருந்து மட்டும் முப்பது பேருக்கு மேலை வந்தவை. நான் இதுக்கு மேலை கணக்குப் பாக்கேல்லை.

டொரீன் மேடைக்குப் போய்க் கிரெகரியின்ர கையைக் குலுக்கினா. அவரின்ர தோளிலை இருந்து பொன்னாடை வழுகி விழப்பாத்துது. அவவே பிடிச்சு வடிவாப் போட்டுவிட்டா. திரும்பி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வெளியிலை போனா. கார் நிப்பாட்டிற இடத்திலை நிண்டு நான் அழுதன். அம்மா செத்த செய்தி வந்த நேரத்துக்குப் பிறகு இந்த நாட்டிலை நான் அழுதது அண்டைக்குத்தான்.

"ராஜினி யோசிக்கிறாவெண்டு சொன்னீர். அவ அப்பிடிச் சொல்லேல்லை, என்ன?" எண்டா டொரீன்.

"இல்லை."

"முகத்திலையே தெரிஞ்சுது. இனிமேல் எனக்குச் சரியா மொழிபெயரும்."

இனிமேல் எண்டால் என்ன எண்டு அப்ப எனக்கு விளங்கேல்லை.

7

கோடையிலை எலெக்சன் முடிஞ்சுது. கிரெகரி வெண்டார். எங்கட கந்தோரை மூடினம், டோனட் கடைக்காரன் கடைசி நாள் கோப்பிக்குக் காசு வாங்கேல்லை. எனக்கு வேலையில்லை. கிரெகரியின்ர ஆக்கள் ரெலிபோன் எடுத்து, தமிழ் ஃபைலுகளைப் பாக்க வாறீரோ எண்டு கேட்டவை. யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். மலர், "யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" எண்டு கேட்டா. போகச் சொல்லிக் கேட்டாவோ வேண்டாமெண்டு கேட்டாவோ எண்டு நான் கேக்கேல்லை.

பிரியாவிடை யோசினை நடேசண்ணையின்ரதான். அவருக்கும் உள்ளுக்குள்ளை உறுத்தியிருக்கும்போலை. இந்தமுறை பொன்னாடை டிக்கியிலை இருந்து எடுக்கேல்லை, கடைக்குப் போய்ப் புதுசா வாங்கினது, பச்சையிலை அகலச் சரிகை. "ஒன்பது வருசத்துக்கும் சேத்து ஒண்டு. நீர்தான் போர்க்கோணும் சிவா" எண்டார். சண்டை பிடிக்க மனம் வரேல்லை. வாங்கினன்.

ஹோல் நிரம்பியிருந்தது. டொரீன் வழக்கம்போலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் குசினிப் பக்கம் போகப் பாக்க, பொம்பிளையள் மறிச்சு மேடைக்குக் கொண்டுவந்தினம். நடேசண்ணை பேசினார். பேச்சு முடிய நான் பொன்னாடையை விரிச்சுக்கொண்டு கிட்டப் போனன்.

அவ ரெண்டு கையையும் நீட்டி என்னைத் தடுத்தா.

"இது ஆருக்கு?" எண்டு மைக்கிலை கேட்டா.

"உங்களுக்கு."

"ஜிம்மிலை எல்லாருக்கும் முன்னாலை நீர் என்ன சொன்னனீர்? விருந்தாளிக்குத்தானே போர்க்கிறது? நான் எப்ப விருந்தாளி ஆனன்?"

இதைத் தமிழிலை சொல்லும் எண்டு கண்ணாலை காட்டினா. சொன்னன். ஒரு சொல்லும் மாத்தாமல் சொன்னன்.

அவ பொன்னாடையை என்ர கையிலை இருந்து எடுத்து, நாலா மடிச்சு, திரும்ப நடேசண்ணையின்ர கையிலை வைச்சா. "கிரெகரிக்குக் குடுங்கோ. அடுத்த எலெக்சன் வரைக்கும் அவர்தான் உங்கட விருந்தாளி. நான் அடுத்த வருசம் நகரசபைக்கு நிக்கிறன். இந்தக் கட்டிடத்தின்ர எலிவேற்றருக்கு அதிகாரம் அங்கைதான் இருக்கெண்டு இவ்வளவு காலமும் தெரியாமலே எல்லாருக்கும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தனான்."

சனம் சிரிச்சுது, பிறகு தட்டினது, பிறகு எழும்பி நிண்டது. நடேசண்ணை பொன்னாடையைப் பிடிச்சபடி என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டார். அவருக்கும் கடைசியிலை சிரிப்பு வந்திட்டுது.

மேடையை விட்டு இறங்கினவ என்னட்டை வந்து, "ராஜினி எங்கை?" எண்டா.

"வரேல்லை. வெக்கப்படுறா."

"அப்ப முதல் கதவு அதுதான். எலிவேற்றர் ஓடுதோ?"

"காலமையிலை இருந்து ரெண்டும் இல்லை."

அவவுக்கு இப்ப அறுபது. முழங்கால் ஒண்டு ஒப்பரேசனுக்கு எழுதி வைச்சிருக்கு. ரெண்டு வருசமாப் பிற்போட்டுக்கொண்டு வாறா. அபி ஹெட்ஃபோனைக் கழட்டிப் பைக்குள்ளை வைச்சிட்டுப் படிக்கதவைத் திறந்து பிடிச்சாள்.

கொக்குவில் தம்பிக்கு என்ர மறுமொழி இவ்வளவுதான். வாசலிலை கிடந்த முன்னூறு சப்பாத்துக்குள்ளை முதல் டொரீனின்ரயைத் தேடி எடுத்துக் குடுத்தன், பேந்து என்ரயைத் தேடிப் போட்டுக்கொண்டு பதினாலாம் மாடிக்கு ஏறத் துவங்கினன்.